சாவி வாங்கிய பின், பால் காய்ச்சும் முன்

ரந்தாவைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற மேடுகளில் இப்போது தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்) எழும்புகின்றன. மம்பாவ், செண்டாயான், சிரம்பான் என்று எந்தப் பக்கம் போனாலும் புது வரிசை வீடுகள். தோட்டத்து வீட்டில் பிறந்து வளர்ந்த பல குடும்பங்களுக்கு அந்த வரிசையில் ஒன்றுதான் முதல் சொந்த வீடு. சேமநிதிப் பணம், முப்பது ஆண்டுக் கடன், அம்மாவின் நகை எல்லாம் அதில் போயிருக்கும். அப்படி வாங்கிய வீட்டில் எந்தெந்தக் குறைகளைத் தேடிப் பார்க்க வேண்டும், கண்டுபிடித்தால் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புது வீட்டில் போய் என்ன குறை இருக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலான புது வீடுகளில் ஏதாவது இருக்கும். சுவரை ஒரு கூட்டம் எழுப்புகிறது, ஓட்டை இன்னொரு கூட்டம் பதிக்கிறது, வயரை வேறொருவர் இழுக்கிறார், கூரைக்கு இன்னொருவர். ஒருவர் வேலை முடியுமுன் அடுத்தவர் வந்து நிற்பார். நாற்பது வீட்டை ஒரே தவணையில் முடிக்கும் அவசரத்தில், மூடி மறைந்துவிடும் வேலைகளில்தான் முதலில் கை குறையும்.

‘வீட்டில் குடியேறலாம் என்று சான்றிதழ் வந்துவிட்டதே, அதில் யாரும் சோதிக்கவில்லையா?’ நியாயமான கேள்வி. அந்தச் சான்றிதழுக்கு சிசிசி (கட்டி முடித்ததையும் விதிப்படி இருப்பதையும் சொல்லும் சான்று) என்று பெயர். 2007 ஏப்ரல் முதல் இதை நகராட்சி தருவதில்லை. திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தருகிறார். வரைபடத்தின்படி கட்டியாகிவிட்டது, குடியிருக்கப் பாதுகாப்பானது என்பதே அதன் பொருள். உங்கள் குளியலறைத் தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா, மாடி அறையின் சன்னல் ஓரம் ஒழுகுகிறதா என்பதெல்லாம் அதில் வராது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த குறையைச் சரிசெய்ய யார் செலவு செய்வது? மேம்பாட்டாளர் (வீட்டைக் கட்டி விற்ற நிறுவனம்). 1966-ஆம் ஆண்டின் மலேசிய வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நீங்கள் கையெழுத்திட்ட வாங்கல் விற்பனை ஒப்பந்தத்தின் வாசகத்தையே வகுத்து வைத்திருக்கின்றன. நிலத்தோடு கூடிய வரிசை வீட்டுக்கு ‘ஜி’ அட்டவணை, அடுக்குமாடிக்கு ‘எச்’ அட்டவணை. இரண்டிலும் குறைபொறுப்புக் காலம் (தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) 24 மாதம். மட்டமான வேலை, மட்டமான பொருள், ஒப்பந்தத்தில் சொன்னபடி கட்டாதது ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கும். சரிசெய்து தருவதை அவர் செய்யும் உதவியாக நினைத்து நன்றி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். நீங்கள் கொடுத்த விலைக்குள் அந்த வேலையும் சேர்த்திதான்.

இந்த 24 மாதம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது? இங்கேதான் நம் குடும்பங்கள் தெரியாமல் நாளை இழக்கின்றன. வீட்டை ஒப்படைக்கத் தயார் என்று மேம்பாட்டாளர் கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதத்துக்குப் பின் ஒப்பந்தத்தில் சொன்ன கெடு நாள் கழிந்ததும், நீங்கள் சாவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வீடு உங்கள் கைக்கு வந்துவிட்டதாகவே கணக்கு. மார்கழி முடியட்டும், தையில் நல்ல நாள் பார்த்துச் சாவி வாங்கலாம் என்று இரண்டு மாதம் தள்ளினால், அந்த இரண்டு மாதமும் 24-இலிருந்து கழிந்துபோகும். நல்ல நாளைப் பால் காய்ச்சுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சாவியைக் கடிதம் வந்த வாரமே வாங்கிவிடுங்கள். இடையில் கிடைக்கும் நாட்கள்தான் சோதிப்பதற்கு மிக நல்ல நாட்கள். வீடு காலியாக இருக்கும், மூலை முடுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

சோதிக்கப் போகும்போது என்ன கொண்டுபோவது? ஒரு வாளி, தண்ணீர்க் குழாய், டார்ச், ஐம்பது காசு நாணயம், வண்ண ஒட்டுநாடா, கைபேசி, அதன் சார்ஜர், முடிந்தால் ரசமட்டம். கூடவே ஒப்பந்தத்தின் நகல். அதன் நான்காவது அட்டவணையில் உங்கள் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும்: எந்தப் பொருளில் சன்னல், எங்கெங்கே தரை ஓடு, எத்தனை பிளக், எத்தனை விளக்கு முனை, எத்தனை குழாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பிளக் போதவில்லை என்பது குறையாகாது; பதினான்கு என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு வைத்திருந்தால் அது குறை.

எதை முதலில் பார்ப்பது? தண்ணீரை. பலரும் பெயிண்ட் திட்டுகளையும் கதவின் கீறல்களையும் நாற்பது வரி எழுதிவிட்டு, ஒழுகும் குளியலறையை ஒரே வரியில் முடிக்கிறார்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் நாமே அடித்துக்கொள்ளலாம். தண்ணீர் புகும் வழியை இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் ஓட்டைப் பெயர்க்க வேண்டும், சீலிங்கை இறக்க வேண்டும், செலவு முழுக்க நம் தலையில்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். வெயில் நேரத்தில் சீலிங்கில் இருக்கும் ஏறுவாசலைத் திறந்து, டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள். ஓட்டுக்கிடையே புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் மழையும் அந்த வழியே வரும். ஓட்டுக்கடியில் விரித்த தகடு கிழிந்திருக்கிறதா, தண்ணீர் டாங்கியின் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலான சுவர் கூரையடி வரை இடைவெளி இல்லாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சுவர் பாதியில் நின்றிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுப்பது அதுதான். ஏணியில் ஏற முடியாதவர்கள் ஏற வேண்டாம். கைபேசியை நீட்டி வீடியோ எடுத்தாலே போதும்.

சன்னலை எப்படிச் சோதிப்பது? நம் பக்கத்தில் மழை நேராக மட்டும் விழுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலை நேரங்களில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் ‘சுமத்ரா’ காற்று, மழையைச் சுவரோடு அடித்துச் சன்னல் சட்டத்தின் இடுக்குக்குள் தள்ளும். அந்த மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியே நின்று தண்ணீர்க் குழாயால் சன்னலின் நான்கு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம் பீய்ச்சுங்கள். உள்ளே ஒருவர் சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். அலுமினியச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடைத்த பசை விட்டுப்போயிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மேற்குப் பார்த்த சன்னல்களை விட்டுவிடாதீர்கள்.

குளியலறையில் இரண்டு சோதனை. முதலாவது, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். சில நிமிடத்தில் எல்லாம் வடிகுழிக்குப் போய்விட வேண்டும். மூலையில் குளமாக நின்றாலோ கதவை நோக்கி ஓடினாலோ தரையின் சாய்வு தவறு. மேலே சிமெண்டு பூசி மறைக்க முடியாத குறை இது. ஓட்டை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்க வேண்டும். அதனால்தான் ‘கொஞ்ச நாளில் சரியாகிவிடும்’ என்று சமாதானம் சொல்வார்கள். தானாகச் சரியாகாது.

இரண்டாவது சோதனை மாடிக் குளியலறைக்கு. வடிகுழியைத் துணியாலும் பிளாஸ்டிக்காலும் அடைத்துவிட்டு, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே வையுங்கள். வாசல் திட்டைத் தாண்டி அறைக்குள் வழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் கீழே இருக்கும் அறையின் சீலிங்கைப் பாருங்கள். சொட்டோ, மஞ்சள் கறையோ, குமிழோ தெரிந்தால் ஓட்டுக்கடியில் பூசிய நீர்த்தடுப்புப் பூச்சு எங்கோ கிழிந்திருக்கிறது. ஓட்டின் இடுக்கில் வெள்ளைச் சிமெண்டு தடவிவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் மறுபடி சொட்டும். பூச்சையே புதிதாகச் செய்யச் சொல்லி, முடிந்ததும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவை மீட்டர் காட்டிக்கொடுக்கும். எல்லாக் குழாயையும் மூடுங்கள், டாங்கி நிறைந்து நிற்கட்டும், மீட்டரைப் படம் எடுங்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அடுத்தது நிலம். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பக்கத்து மண் தெரியும்: மேடும் பள்ளமுமாக இருக்கும். தாமான் போடும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். நிரப்பிய மண் முழுவதும் இறுகி அடங்க ஆண்டுகள் ஆகும். வீட்டின் உடல் பெரும்பாலும் பைல் (ஆழத்துக்கு இறக்கிய கான்கிரீட் தூண்) மேல் நிற்கும். ஆனால் கார் நிறுத்தும் முன்தளமும், பின்னால் துணி துவைக்கும் தளமும், சுற்றியுள்ள கால்வாயும் பல இடங்களில் வெறும் மண்மேல்தான் படுத்திருக்கும். ஆகவே முதலில் இறங்குவது அவைதான். முன்தளம் வீட்டுச் சுவரோடு சேரும் கோட்டைப் பாருங்கள். அங்கே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், தளத்தைத் தட்டும்போது கீழே வெற்றிடம் போல ஓசை கேட்டால், கால்வாயில் தண்ணீர் போகாமல் நின்றால், படம் எடுத்து எழுதுங்கள்.

சுவரில் விரிசல் கண்டால் பயப்பட வேண்டுமா? எல்லாவற்றுக்கும் இல்லை. மயிரிழை போல அங்கங்கே சிலந்திவலையாகத் தெரிவது சிமெண்டுப் பூச்சு காய்ந்து சுருங்கியது. அழகுக் குறைதான், ஆனாலும் பட்டியலில் சேருங்கள். சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், தூணும் சுவரும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் விரிசல், செங்கல் வரிசையைப் படி படியாகப் பின்தொடரும் விரிசல் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு அன்றைய தேதியை எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ நாணயத்தின் விளிம்பு உள்ளே போகும் அளவுக்கு அகன்றாலோ, பூசி மூட விடாதீர்கள். பொறியாளரை வைத்துக் காரணத்தைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நிலத்தைச் சொல்லும்போது கறையானையும் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தை வேரிலிருந்து தின்று சாய்க்கும் கறையான் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமானது. வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு வகை. மரத்தை வெட்டித் தள்ளிய நிலத்தில் வேர்க்கட்டைகளும், கட்டுமானத்தில் விட்டுப்போன பலகைத் துண்டுகளும் புதைந்து கிடந்தால் அவற்றுக்கு அதுவே சோறு. தரை போடுமுன் மண்ணுக்கு மருந்து அடித்தார்களா, உத்தரவாதத் தாள் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். இருந்தால் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கதவு நிலையின் அடியிலும் சுவரோரப் பட்டையிலும் பென்சில் தடிமனில் மண் கோடு ஓடினால் உடைத்துவிடாமல் முதலில் படம் எடுங்கள்.

மின்சாரத்தை நாமே சோதிக்கலாமா? மூடியைத் திறக்காமல் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள். மின்பெட்டியில் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும். அதில் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே எழுதுங்கள். அந்தச் சுவிட்ச் உயிரைக் காப்பது. மாதம் ஒருமுறை இப்படி அமுக்கிப் பார்ப்பதைக் குடியேறிய பிறகும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளியலறைச் சுடுநீர்ச் சாதனத்துக்கு 10 மில்லியாம்பியருக்கு மேற்படாத, இன்னும் கூர்மையான ஆர்சிசிபி வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிகள் சொல்வது. ஈரக் கையோடும் ஈரக் காலோடும் நிற்கும் இடம் என்பதால் இந்தக் கண்டிப்பு. அந்த எண் சுவிட்சின் மேலேயே அச்சிட்டிருக்கும். சுடுநீர்ச் சாதனத்தை நீங்களே பின்னால் வாங்கி மாட்டினாலும் இதைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கைபேசி ஏறினால் மட்டும் அந்தப் பிளக் சரி என்று ஆகிவிடாது. ‘எர்த்’ கம்பி இணைத்திருக்கிறார்களா என்பது அதில் தெரியாது. இரும்புக் கடையில் மூன்று விளக்குள்ள பிளக் டெஸ்டர் கிடைக்கும். விலை அதிகமில்லை, வரிசைக்கு ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கம்பி மாறியிருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ விளக்குகள் காட்டும். அதற்கு மேல் பதிவு பெற்ற வயர்மேன் பார்க்கட்டும்.

தரை ஓட்டுக்கு வருவோம். ஓட்டைத் தட்டிப் பார்ப்பது எதற்கு? நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான ஓசை வந்தால் அடியில் சிமெண்டு நிறைந்திருக்கிறது. தேங்காய் முற்றிவிட்டதா என்று தட்டிக் கேட்பது போலத்தான், ஓசை மாறும்போது காதுக்கே தெரிந்துவிடும். அடியில் நிறையச் சிமெண்டு போடாமல் அங்கங்கே உருண்டை வைத்து ஓட்டை அமுக்கிவிட்டால் நடுவில் வெற்றிடம் நிற்கும். கனமான அலமாரி வைத்தால் உடையும், வெப்பத்தில் விரிந்து ஒருநாள் வரிசையாகக் கூடாரம்போல் எழும்பும். வெற்றொலி வந்த ஓட்டில் வண்ண ஒட்டுநாடா ஒட்டிப் படம் எடுங்கள். மாற்றும்போது அதே தொகுதி ஓடு தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கூடத்தின் நடுவே நிறம் மாறித் திட்டாகத் தெரியும்.

‘சுவர் கோணலாக இருக்கிறது என்று நான் சொன்னால், அதெல்லாம் சாதாரணம் என்கிறார்களே?’ அளவு சொல்லிக் கேளுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் ‘கிளாசிக்’ என்ற தர மதிப்பீட்டு முறையை வைத்திருக்கிறது. அதன்படி சுவர் ஒரு மீட்டர் உயரத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் சாயக் கூடாது; தரை 1.2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் காட்டக் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தில் இந்த எண்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நாட்டின் கட்டுமான வாரியமே வைத்திருக்கும் அளவுகோலைச் சொல்லி, ரசமட்டத்தை வைத்துப் படமும் காட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கதவு, சன்னல், பூட்டு, குழாய், கழிப்பறை இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். அது அரை மணி நேர வேலை. பெயிண்டைக் கடைசியில் பாருங்கள்.

குறைகளை எழுதியாயிற்று. யாரிடம் எப்படிக் கொடுப்பது? சாவியோடு ‘பொராங் அடுவான்’ (புகார்ப் படிவம்) ஒன்று தருவார்கள். அதை நிரப்புங்கள், கூடவே உங்கள் கடிதத்தையும் இணையுங்கள். வீட்டு எண், சாவி வாங்கிய தேதி, குறைக்கு வரிசை எண், எந்த அறையில் எந்தச் சுவரில் என்ற இடம், படத்தின் எண் இவ்வளவு இருந்தால் போதும். மலாயில் எழுதுவது நல்லது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு மேம்பாட்டாளரின் அலுவலகத்துக்குப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு அவர்கள் சாப்பு (முத்திரை) குத்தி வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தள மேலாளரிடம் வாயால் சொன்னது, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியது இவற்றை மட்டும் நம்பாதீர்கள். ஒப்பந்தம் கேட்பது எழுத்து மூலமான அறிவிப்பு. அது மேம்பாட்டாளர் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்.

30 நாள் கழிந்தும் யாரும் வரவில்லை என்றால்? இந்த இடத்தில் உங்களுக்கு இருக்கும் பலம் பலருக்குத் தெரியாது. வீட்டு விலையில் 5 விழுக்காடு மேம்பாட்டாளர் கைக்கு உடனே போவதில்லை. அவருடைய வழக்கறிஞரிடம் நிறுத்திவைக்கப்படுகிறது. வீடு உங்கள் கைக்கு வந்து 8 மாதம் கழித்துப் பாதி, 24 மாதம் கழித்து மீதிப் பாதி அவருக்குப் போகும். உதாரணத்துக்கு, உங்கள் வீடு 300,000 வெள்ளி என்றால் 15,000 வெள்ளி அங்கே இருக்கிறது. உங்கள் வீட்டைச் சரிசெய்வதற்கு அந்தப் பணத்தைக் கேட்க ஒப்பந்தம் வழி சொல்கிறது.

வழி இதுதான். குத்தகையாளர் ஒருவரிடம் பழுதுபார்க்கும் செலவை எழுத்தில் வாங்குங்கள். வேலையைத் தொடங்குமுன், இன்ன செலவு ஆகும், நானே செய்துகொள்ளப் போகிறேன் என்று மேம்பாட்டாளருக்கு எழுதுங்கள். அவரே வந்து செய்ய 14 நாள் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால், தாமதிக்காமல் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். செலவுத் தொகையைக் குறிப்பிட்டு அந்த வழக்கறிஞருக்கு எழுதினால், நிறுத்திவைத்த பணத்திலிருந்து ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் தர வேண்டும். நாள் கணக்கில் ஒன்று தவறினாலும் மறுக்க இடம் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

எட்டாவது மாதத்துக்கு முன் பெரிய குறைகளையெல்லாம் கொடுத்துவிடச் சொல்வதன் காரணம் இப்போது புரியும். அதன் பிறகு நிறுத்திவைத்த பணம் பாதியாகிவிடும்.

பணத்தில் தகராறு வந்தால் வழக்குப் போட வேண்டுமா? 2002 டிசம்பரிலிருந்து வீடு வாங்குவோருக்கென்றே ஒரு நடுவர் மன்றம் இயங்குகிறது. வீடமைப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. மனுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே போய்ப் பேசலாம். தொடக்கத்தில் 25,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு பின்னர் 50,000 ஆக்கப்பட்டது. குறைபொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். சாப்பு குத்திய நகல், படங்கள், செலவுக் கணிப்பு மூன்றும் கையில் இருந்தால் உங்கள் வாதம் பாதி முடிந்துவிட்டது. மன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்றாமல் விடுவது குற்றம்.

இப்போது, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். சாவி வாங்கிய மறு வாரமே பின்கட்டை உடைத்து அடுக்களையைப் பெரிதாக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கூடவே கிரில், முன்னால் கூரைத் தகடு, சாமி அறைக்கு ஒரு தடுப்புச் சுவர். ஆசை நியாயமானது. ஆனால் நீங்கள் உடைத்த சுவரிலோ அதற்குப் பக்கத்திலோ பிறகு ஒழுகினால், உங்கள் ஆள் செய்த வேலையால் வந்தது என்று மேம்பாட்டாளர் சொல்வார். அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. குறைந்தது, முதல் பட்டியலைக் கொடுத்து, அவர்கள் செய்து முடித்து, ஒரு மழைக்காலத்தையும் பார்த்த பிறகு உடையுங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்றால், உடைக்கப் போகும் இடத்தை உடைக்குமுன் படமும் வீடியோவுமாக எடுத்துவைத்துவிடுங்கள்.

நீட்டிய அடுக்களை ஏன் பழைய சுவரைவிட்டுப் பிரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன நிலக் கதைதான் காரணம். வீடு பைல் மேல் நிற்கிறது, நீங்கள் சேர்த்த அடுக்களை நிரப்பிய மண்மேல் நிற்கிறது. ஒன்று அசையாது, மற்றொன்று மெல்ல இறங்கும். இணைப்பில் விரிசல் விழும், அதன் வழியே மழை வரும். பைல் இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று மலிவாகச் சொல்பவரிடம் அதைப் பற்றிக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். நகராட்சியின் அனுமதியும் வாங்க வேண்டும்.

தனியாகப் போய்ப் பேசத் தயக்கமா? ஒரே வரிசையை ஒரே குத்தகையாளர்தான் கட்டியிருப்பார். உங்கள் குளியலறை ஒழுகினால் பக்கத்து வீட்டிலும் பெரும்பாலும் ஒழுகும். மலாய்க்காரர், சீனர் என்று பார்க்காமல் வரிசையில் எல்லாரையும் கேளுங்கள். பத்து வீட்டுக் கடிதம் ஒரே நாளில் போனால், ஆளை அனுப்புவதும் அவர்களுக்கு எளிது, தட்டிக்கழிப்பதும் கடினம். கடிதம் மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

பழைய வீட்டை வாங்குகிறவர்களுக்கு இந்த 24 மாதமெல்லாம் பெரும்பாலும் முடிந்திருக்கும். இருக்கும் நிலையில் வாங்குகிறேன் என்றுதான் கையெழுத்துப் போடுவீர்கள். ஆகவே மேலே சொன்ன சோதனைகளைக் கையெழுத்துக்கு முன்பே, முடிந்தால் மழை பெய்யும் நாளில் செய்துவிட்டு விலை பேசுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த சீலிங்கை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

இன்னும் தோட்ட வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? உங்களுக்கு வேறு சட்டம். தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை. கூரை ஒழுகினால், மின்கம்பி தொங்கினால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம். தொழிற்சங்கக் கிளைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

24 மாதம் முடிந்துவிட்டால் எல்லாம் போயிற்றா? முழுவதும் இல்லை. கட்டடத்தின் உடலிலேயே மறைந்திருந்த பெரிய குறை பின்னால் வெளிப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. 2018-இல் திருத்தப்பட்ட காலவரம்புச் சட்டம், கவனக்குறைவால் வந்த மறைந்த சேதத்துக்கு, கண்டுபிடித்ததிலிருந்து மூன்று ஆண்டு தருகிறது. எப்படியானாலும் 15 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அது வழக்கறிஞர், பொறியாளர் அறிக்கை என்று செலவு பிடிக்கும் வழி. தமிழ்நாட்டில் வீடு வாங்கிய உறவினர்கள் ‘எங்களுக்கு ஐந்து ஆண்டு’ என்று சொல்வார்கள்; இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டமைப்புக் குறைக்கு அவ்வளவு தருவது உண்மைதான். இங்கே உங்கள் கணக்கு 24 மாதம்.

அதனால் இருபத்திரண்டாவது மாதத்தில் ஒருமுறை வீடு முழுக்கத் திரும்பப் பாருங்கள். அதற்குள் இரண்டு மழைக்காலம் போயிருக்கும், மண் கொஞ்சம் இறங்கியிருக்கும், பென்சில் கோடு போட்ட விரிசல்கள் எங்கே போயின என்று தெரிந்திருக்கும். தரையைத் தட்டுங்கள், மாடிக் குளியலறையில் மறுபடி தண்ணீர் தேக்குங்கள், கூரைக்குள் எட்டிப் பாருங்கள். புதிதாகக் கண்டதையும், முன்பு எழுதியும் செய்யாமல் விட்டதையும் சேர்த்து இரண்டாவது பட்டியல் போட்டு, கெடு நாளுக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சாப்பு வாங்கிவிடுங்கள்.